மண்ணிடம் பாடம் கேட்டவர்

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், விடுதிக் கதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்கு என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் செட்டில் நிறையப் பேர். எனவே, மண் இயக்கவியல் தேர்வுக்காக நாம் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த கார்ல் டெர்சாகியைப் பற்றி எழுதுகிறேன்.

1883 அக்டோபர் 2-ல் பிராக் நகரில் பிறந்தவர். படித்தது சிவில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெக்கானிக்கல் படித்து 1904-ல் பட்டம் பெற்றார். கட்டுமான வேலைக்குப் போன இடத்தில், அடித்தளம் எல்லாம் குத்துமதிப்பில் நடப்பதைப் பார்த்தார். 1912-ல் அமெரிக்கா போய், அணை கட்டும் இடங்களைச் சுற்றி விவரம் சேர்த்தார். குறிப்புகள் குவிந்தன, விதி ஒன்றும் கிடைக்கவில்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்.

1916-ல் இஸ்தான்புல்லில் ஆசிரியர் வேலை. முதல் உலகப்போர் முடிந்ததும் அதுவும் போய், அங்கிருந்த ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். சோதனைக்கூடம் கிடையாது. காலி சுருட்டுப் பெட்டிகளும் கழித்துப் போட்ட சாமான்களும்தான் கருவிகள். அவற்றை வைத்தே மண்ணை அழுத்தி, நீர் வெளியேறும் வேகத்தை அளந்தார். மண் துகள்களுக்கு இடையே உள்ள நீர் சுமக்கும் பங்கு, மண்ணுக்குப் பலம் தராது என்ற உண்மை அங்கேதான் பிடிபட்டது. 1925-ல் அவருடைய புத்தகம் வியன்னாவில் வெளிவந்தது. மண் இயக்கவியல் தனித்துறையாகப் பிறந்தது அதன் பிறகுதான். அதே ஆண்டில் எம்.ஐ.டி., 1929-ல் வியன்னா, 1938 முதல் ஹார்வர்டு என்று போனது அவர் வாழ்க்கை.

1955-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, பக்கவாட்டில் தள்ளப்படும் பைலுக்கு மண் எவ்வளவு எதிர்ப்புத் தரும் என்பதற்கு எண்கள் தந்தது. இன்றும் டிசைன் மேஜையில் அந்த எண்கள் புழங்குகின்றன. என் கதையும் அங்கேதான் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய்க்கால் கரையோரம் ஒரு குழாய்த் தாங்கிக்குப் பைல் கணக்கு போட்டேன். சமதரைக்கான எண்ணை அப்படியே எடுத்து வைத்தேன். முதல் பெருமழையிலேயே தாங்கி வாய்க்கால் பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரலை.

எங்க எறையூர்ப் பக்கம் மாடு கட்டுகிறவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏரிக்கரைச் சரிவில் முளைக்குச்சி அடித்து, மாடு பள்ளத்துப் பக்கம் இழுத்தால் குச்சி சீக்கிரம் சாயும். தாங்குவதற்கு முன்பக்கம் மண்ணே இல்லையே! பைலும் அப்படித்தான். பக்கவாட்டு எதிர்ப்பில் மேல்மண்ணின் பங்கு பெரியது. சரிவில் குறைவதும் அந்த மேல்மண்தான். மழை பெய்தால் நீரழுத்தம் ஏறி, மிச்சமுள்ள பலமும் குறையும்.

இந்த விஷயத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் மாதிரிப் பைல்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சரிவு செங்குத்தாக ஆக ஆக எதிர்ப்பு குறைகிறது; சரிவின் விளிம்பிலிருந்து பைலைத் தள்ளி வைக்க வைக்க அந்தப் பாதிப்பும் குறைகிறது. துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடைகளுக்கு இது உயிர்நாடியான கணக்கு. மேடையின் அடியில் ஆழப்படுத்திய கரை சரிவாகத்தானே நிற்கிறது!

தப்பு டெர்சாகியுடையது அல்ல, என்னுடையது. கணக்கோடு நிற்காமல், கட்டும்போதே மண்ணைக் கவனித்துத் திட்டத்தைத் திருத்திக்கொண்டே போவதுதான் அவர் வழி. கனடாவில் மிக மோசமான அடித்தளத்தின்மேல் எழுந்த மிஷன் அணையை அப்படித்தான் கட்டி முடித்தார். 1963 அக்டோபர் 25-ல் அவர் காலமானார். 1965-ல் அந்த அணைக்கே டெர்சாகி அணை என்று பெயர் சூட்டினார்கள்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் ஒருதடவை சைட்டுக்குப் போய், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். என்னைப் போல் மழை வந்து சொல்லித்தரும்வரை காத்திருக்க வேண்டாம்.