வில்லியம் கேரி: சப்பாத்துத் தைத்த போதகர்



பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கு வந்த மிஷனரிச் சங்கங்களின் அட்டவணையை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். பப்டிஸ்ற் மிஷன் 1812, வெஸ்லியன் மிஷன் 1814, அமெரிக்க மிஷன் 1816, சர்ச் மிஷன் 1818. ஆண்டுகளைச் சரியாக எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் பப்டிஸ்ற் மிஷன் ஏன் 1812இல் வந்தது, அதனை அனுப்பியவர்கள் யார் என்று கேட்டால் பலர் பேனாவை வைத்துவிடுகின்றனர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை உள்ளது. அதனை விளங்கிக்கொண்டால் ஆண்டு தானாகவே மனதில் நிற்கும். எனவே இப்பகுதியை முதலில் ஒரு தடவை கதையாக வாசியுங்கள். குறிப்பெடுப்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

1. பப்டிஸ்ற் திருச்சபை என்பது யாது?

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அரச திருச்சபையிலிருந்து பிரிந்து சென்றவர்களிடையே இது தோன்றியது. 1609இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் தஞ்சமடைந்திருந்த ஆங்கிலேயர் இதன் முதற் சபையை அமைத்தனர். 1612இல் தோமஸ் ஹெல்விஸ் என்பவர் லண்டனில் ஒரு சபையை ஆரம்பித்தார்.

குழந்தைகளுக்கன்றி, விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடுவோருக்கே ஞானஸ்நானம் வழங்குதல், நீரில் முழுமையாக மூழ்கி அதனைப் பெறுதல், ஒவ்வொரு சபையும் தனது போதகரைத் தானே தெரிவு செய்தல் என்பன இதன் முக்கிய பண்புகளாகும். அரச திருச்சபையைச் சேராத காரணத்தால் அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இவர்களால் பட்டம் பெற முடியவில்லை. ஆகவே இச்சபைகளின் போதகர்கள் பலர் கைத்தொழில் செய்து பிழைத்தவர்களாகவும், தாமாகவே கற்றவர்களாகவும் இருந்தனர். வில்லியம் கேரியும் அவ்வாறானவரே.

2. இளமைக் காலம்

கேரி 1761 ஓகஸ்ட் 17ஆம் திகதி இங்கிலாந்தின் நோர்தாம்ரன் மாவட்டத்திலுள்ள போலர்ஸ்பெரி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை எட்மண்ட் கேரி ஒரு நெசவாளர். பின்னர் கிராமப் பாடசாலை ஆசிரியரானார். ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர் வில்லியம். வெயில் பட்டால் தோல் பாதிக்கப்படும் நோய் இருந்தமையால் வயல் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. எனவே ஏறத்தாழ 14 வயதில் சப்பாத்துத் தைக்கும் தொழில் பழக அனுப்பப்பட்டார்.

உங்களில் பலருடைய வயதில் அவர் பாடசாலையில் இல்லை, தொழிற்கூடத்தில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அங்கே அவருடன் தொழில் பழகிய மற்றொரு இளைஞர் அரச திருச்சபையைச் சாராதவர். இருவருக்குமிடையே நடந்த வாக்குவாதங்களே கேரியின் சமய சிந்தனையை மாற்றின. 1783இல் நோர்தாம்ரன் நகரின் நென் ஆற்றில், போதகர் ஜோன் றைலண்ட் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

1781இல் டோரதி பிளாக்கற் என்பவரை அவர் மணந்திருந்தார். டோரதிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் அவர் ஒப்பமாக ஒரு சிலுவை அடையாளத்தையே இட்டார். இப்பெண்மணியின் பெயரை நினைவில் வைத்திருங்கள். பின்னர் அவரிடம் திரும்பி வருவோம்.

3. மோல்ரன், லெஸ்ரர் சபைகளின் போதகர்

1787இல் மோல்ரன் கிராமத்திலிருந்த சிறிய பப்டிஸ்ற் சபையின் போதகராகக் கேரி நியமிக்கப்பட்டார். சபை கொடுத்த வேதனம் குடும்பச் செலவுக்குப் போதவில்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், சப்பாத்தும் தைத்தார். வேலைக்கிடையே புத்தகங்களின் துணையுடன் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு மொழிகளைக் கற்றார். கடலோடி ஜேம்ஸ் குக்கின் பயண நூல்களை விரும்பி வாசித்தார். சுவரில் ஒரு உலகப் படத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாட்டினதும் சனத்தொகை, சமயம் பற்றிய தகவல்களை அதிற் குறித்துவந்தார்.

1789இல் லெஸ்ரர் நகரின் ஹார்வி லேன் சபைக்குப் போதகராகச் சென்றார். பிற நாடுகளில் சமயப் பணி செய்வது கிறிஸ்தவர்களின் கடமையா என்பது அக்கால பப்டிஸ்ற் போதகர்களிடையே பெரும் விவாதமாக இருந்தது. அது மனிதர் முயற்சிக்க வேண்டிய காரியமன்று எனப் பலர் கருதினர். 1792இல் கேரி இக்கருத்தை மறுத்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். உலக நாடுகளின் புள்ளிவிபர அட்டவணைகளும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு மே மாதம் நொட்டிங்ஹாமில் நடந்த போதகர் கூட்டத்தில் ஏசாயா 54ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு பிரசங்கித்தார்.

இதன் பயனாக 1792 ஒக்ரோபர் 2ஆம் திகதி கெற்றரிங் நகரில் ஒரு விதவையின் வீட்டில் சிலர் கூடி பப்டிஸ்ற் மிஷனரிச் சங்கத்தை அமைத்தனர். அன்று வாக்களிக்கப்பட்ட நிதி 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ் மாத்திரமே. கெற்றரிங் சபையின் போதகர் அன்ட்ரூ புல்லர் செயலாளரானார். 1815இல் இறக்கும் வரை அவரே இங்கிலாந்தில் நிதி திரட்டினார். வெளிநாடு சென்றவர் புகழ் பெற்றார், ஊரில் நின்று சுமந்தவர் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. விடை எழுதும்போது இருவரையும் குறிப்பிடுங்கள்.

4. வங்காளத்தில் முதல் ஏழு ஆண்டுகள்

1793 ஜூனில் கேரி குடும்பத்துடனும் மருத்துவர் ஜோன் தோமஸ் உடனும் ஒரு டென்மார்க் கப்பலில் புறப்பட்டு, நவம்பரில் கல்கத்தாவை அடைந்தார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி தனது பிரதேசத்தில் மிஷனரிமாரை விரும்பவில்லை. சமயப் பணி கலகத்தைத் தூண்டி வியாபாரத்தைப் பாதிக்கும் என அது அஞ்சியது. எனவே கேரி 1794 முதல் மட்னாபட்டி என்னும் இடத்தில் அவுரிச் சாயத் தொழிற்சாலையொன்றின் முகாமையாளராக இருந்துகொண்டே வங்காள மொழியையும் சமஸ்கிருதத்தையும் கற்றார். ராம் ராம் பாசு என்பவர் அவருக்கு மொழி கற்பித்தார்.

ஏழு ஆண்டுகள் கழிந்தும் ஒரு வங்காளியேனும் அவரது சபையிற் சேரவில்லை. 1800 டிசம்பர் 28ஆம் திகதியே கிருஷ்ண பால் என்னும் தச்சுத் தொழிலாளி ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்.

5. டோரதி கேரி

டோரதி இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். அப்போது அவர் கர்ப்பிணியாக இருந்தார். குழந்தை பிறந்த பின்னர், தன் சகோதரியும் கூட வருவதென்ற நிலையிலேயே சம்மதித்தார். 1794இல் அவர்களது ஐந்து வயது மகன் பீற்றர் நோயினால் இறந்தான். அதன் பின்னர் டோரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807இல் இறக்கும் வரை அவர் குணமடையவில்லை. கணவர் ஓர் அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, மனைவி அடுத்த அறையில் அடைக்கப்பட்டிருந்த நாட்களும் உண்டு.

பல புத்தகங்கள் இப்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றன. நீங்கள் தவிர்க்க வேண்டாம். ஒருவரின் பெரும்பணிக்கான விலையை வேறொருவரும் செலுத்தியிருக்கலாம். கேரியின் உழைப்பை மதிப்பதற்காக டோரதியின் துன்பத்தை மறைக்கத் தேவையில்லை. டோரதிக்காக வருந்துவதால் கேரியின் உழைப்பு பொய்யாகிவிடுவதுமில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு.

6. செராம்பூர்

1800 ஜனவரியில் கேரி கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அது டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் கம்பனியின் தடை அங்கு செல்லாது. ஆசிரியரான ஜோசுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வோர்ட் ஆகியோர் அவருடன் இணைந்தனர். இம்மூவரும் செராம்பூர் மூவர் எனப்படுவர். குடும்பங்கள் யாவும் வருமானத்தைப் பொது நிதியில் இட்டு ஒன்றாக வாழ்ந்தன. ஹன்னா மார்ஷ்மன் பாடசாலைகளை நடத்தி அந்நிதிக்குப் பெரிதும் உதவினார். கேரி 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்துப் பெற்ற சம்பளத்தின் பெரும்பகுதியும் அதற்கே சென்றது. பட்டமெதுவும் பெறாத சப்பாத்துத் தொழிலாளி அங்கு பேராசிரியரானார்.

1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. இவ்வேலையைக் கேரி தனியே செய்யவில்லை. மிருத்யுஞ்சய வித்யாலங்கார் முதலிய பண்டிதர்கள் மொழியில் வழிகாட்டினர். பஞ்சானன் கர்மாகர், அவரது மருமகன் மனோகர் ஆகியோர் அச்செழுத்துக்களை வெட்டினர்.

1809இல் கல்கத்தாவின் லால் பஜார் சபையின் ஆலயம் திறக்கப்பட்டது. செராம்பூருடன் இச்சபையின் போதகராகவும் கேரி கடமையாற்றினார். இவ்வாலயம் இன்று கேரி பப்டிஸ்ற் ஆலயம் எனப்படுகின்றது.

7. 1812: தீயும் இலங்கையும்

இப்போது அட்டவணையிலுள்ள ஆண்டுக்கு வருவோம். 1812 மார்ச் 11ஆம் திகதி மாலை செராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. காகிதமும் அச்செழுத்துக்களும் அழிந்தன. கேரி பல ஆண்டுகளாகத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும், தெலுங்கு, பஞ்சாபி இலக்கணப் பிரதிகளும் சாம்பராயின. அச்சு இயந்திரங்களும், எழுத்து வார்ப்பதற்கான உலோக அச்சுக்களும் தப்பின. உருகிய ஈயத்தைக் கொண்டே எழுத்துக்களை மீண்டும் வார்க்கத் தொடங்கினர். எரிந்த இலக்கணப் பிரதிகளைக் கேரி முதலிலிருந்து எழுதலானார். அப்போது அவருக்கு வயது 50.

அதே 1812இல் ஜேம்ஸ் சேற்றர் கொழும்புக்கு வந்தார். 1806இல் செராம்பூர் மிஷனுக்காக வந்த இவரை வங்காளத்தில் தங்கக் கம்பனி அனுமதிக்கவில்லை. ஆகவே பர்மாவுக்குச் சென்றார். அங்கிருந்து வெளியேறியபின் இலங்கையைத் தெரிவு செய்தார். இலங்கை 1802 முதல் முடிக்குரிய குடியேற்ற நாடாக இருந்தமையால் கம்பனியின் தடை இங்கு இருக்கவில்லை. அவரது சிங்கள இலக்கண நூல் 1815இல் கொழும்பில் வெளியாயிற்று. கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான அதே ஆண்டு அது.

1812இலேயே அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன் லால் பஜார் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடன் ஒரே கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணம் பற்றி அவர் அனுப்பிய தகவல்களே 1816இல் அமெரிக்க மிஷன் அங்கு வர வழிவகுத்தன. அட்டவணையின் இரண்டு வரிகள் இவ்வாறு இணைகின்றன.

8. கல்வி, சமூகப் பணிகள்

1818இல் செராம்பூர் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. எல்லாச் சாதி, சமயத்தவரும் அதில் அனுமதிக்கப்பட்டனர். 1827இல் டென்மார்க் மன்னர் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். அது இன்றும் இயங்குகின்றது. வங்காள மொழியின் ஆரம்பகாலப் பத்திரிகைகளுள் ஒன்றான சமாசார் தர்ப்பண் 1818இல் செராம்பூரிலிருந்து வெளிவந்தது. தாவரவியலில் ஈடுபாடு கொண்ட கேரி 1820இல் இந்திய விவசாய, தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவினார்.

1799இல் உடன்கட்டை ஏறும் நிகழ்வொன்றை நேரிற் கண்ட நாள் முதல் அவர் அதனை எதிர்த்துவந்தார். 1829 டிசம்பர் 4ஆம் திகதி ஆளுநர் நாயகம் பென்ரிங் பிரபு அதனைத் தடைசெய்தார். அச்சட்டத்தை வங்காள மொழிக்குப் பெயர்க்கும் பணி கேரியிடம் ஒரு ஞாயிறன்று வந்து சேர்ந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு பெண்ணின் உயிராகலாம் எனக் கருதி, பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு மாலைக்குள் அதனை முடித்தார்.

9. மதிப்பீடு

கேரி 1834 ஜூன் 9ஆம் திகதி செராம்பூரில் காலமானார். இந்தியா வந்த பின்னர் அவர் ஒரு தடவையேனும் தாய்நாடு திரும்பவில்லை.

அவரது பணியில் குறைகளும் உண்டு. அவசரமாகச் செய்யப்பட்ட சில மொழிபெயர்ப்புகள் பின்னர் முற்றாகத் திருத்தப்பட வேண்டியிருந்தன. உடன்கட்டை ஒழிப்பில் ராஜாராம் மோகன் ராயின் பங்கு பெரியது. அதனைக் கேரியின் தனிச் சாதனையாக எழுதினால் பிழையாகும்.

தமது திறமையைப் பற்றிக் கேட்டபோது, விடாமல் தொடர்ந்து உழைப்பதைத் தவிர வேறெதுவும் தமக்குத் தெரியாது என்ற கருத்தையே அவர் தெரிவித்தார். முதல் தடவை பெறுபேறு சரிவராத மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். ஏழு ஆண்டுகள் பலனின்றிக் காத்திருந்தவரும், எரிந்துபோன இலக்கணப் பிரதிகளை 50 வயதில் மீண்டும் தொடங்கியவரும் அவருக்கு அந்நியர் அல்லர்.

நினைவிற் கொள்க

1761 – பிறப்பு
1787 – மோல்ரன் சபைப் போதகர்
1789 – லெஸ்ரர் ஹார்வி லேன் சபைப் போதகர்
1792 – பப்டிஸ்ற் மிஷனரிச் சங்கம்
1793 – இந்தியா வருகை
1800 – செராம்பூர்
1812 – அச்சகத் தீ. சேற்றர் கொழும்பு வருகை
1818 – செராம்பூர் கல்லூரி
1829 – உடன்கட்டை தடை
1834 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. கேரி செராம்பூரைத் தமது பணிக்களமாகத் தெரிவு செய்தமைக்கான காரணத்தை விளக்குக.
2. செராம்பூர் மிஷனுக்கும் இலங்கைக்குமிடையிலான தொடர்பை இரண்டு உதாரணங்கள் மூலம் காட்டுக.
3. கேரியின் பணிக்குத் துணைநின்ற மூவரைப் பெயரிட்டு, ஒவ்வொருவரின் பங்களிப்பையும் எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு விடை எழுதும்போது புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். கேரியின் பெயர் உடனே வரும். மற்றப் பெயர்கள் வரத் தாமதமாகுமானால் 3ஆம், 6ஆம் பகுதிகளை மீண்டும் வாசியுங்கள்.