விடுபட்டவர்களைத் தேடிய வைத்தியர்

முகாமில் உணவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு வைத்தியர் ஆர்ச்சி கொக்ரேனின் கதை தூரத்துக் கதையாகத் தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1909இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர், மருத்துவ மாணவராக இருந்தபோதே ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் அம்புலன்ஸ் பிரிவொன்றில் பணியாற்றினார். 1941இல் கிறீற் தீவில் ஜேர்மன் படையிடம் பிடிபட்டார். கிறீஸின் சலோனிக்கா முகாமில் சக கைதிகளுக்கு அவரே வைத்தியர்.

உணவு போதாமல் கைதிகளின் கால்கள் வீங்கின. வீக்கம் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. விற்றமின் பி குறைபாடு என்று சந்தேகித்த கொக்ரேன், கறுப்புச் சந்தையில் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கினார். கால் வீங்கிய 20 பேரை இரண்டு அறைகளில் பிரித்து, ஓர் அறைக்கு ஈஸ்ட்டும் மற்றதற்கு விற்றமின் சியும் கொடுத்தார். கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால், நடக்கத் தெம்புள்ளவர்களே முந்தியிருப்பார்கள். தேறியது ஈஸ்ட்டாலா, ஏற்கெனவே இருந்த தெம்பாலா என்று பிரித்தறிய முடியாது.

நான்காம் நாள் ஈஸ்ட் அறையில் மாற்றம் தெரிந்தது. அந்தக் கணக்கை ஜேர்மன் அதிகாரிகளிடம் கொண்டுபோனார். முகாமுக்கு ஈஸ்ட் வந்தது. அந்தப் பரிசோதனையில் பல குறைகள் இருந்ததைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

யுத்தத்தின் பின் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்தார். அங்கே பரிசோதனைக்கு இடமில்லை. நோய் வருகிறதா என்று பார்ப்பதற்காக எவரையும் தூசிக்குள் அனுப்ப முடியாது. நடந்ததை அவதானிப்பது மட்டுமே வழி. ஆனால் அவதானிப்பிலும் அதே ஆபத்து உண்டு. எக்ஸ்ரே எடுக்க வராதவர்கள்தான் நோய் முற்றியவர்களாக இருக்கலாம். அதனால் ரொண்டா பள்ளத்தாக்கில் வராதவர்களையும் விடாமல் தேடி, 90 வீதத்துக்கும் மேலான தொழிலாளரைக் கணக்கில் சேர்த்தார்.

சிகிச்சைகளை முறையான பரிசோதனைகளால் உறுதிசெய்ய வேண்டும் என்று வலியுறுத்தும் நூலை 1972இல் வெளியிட்டார். 1988இல் மறைந்தார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பொன்று 1993 முதல் அவர் பெயரில் இயங்குகிறது.

பரிசோதனை செய்ய முடிந்த இடத்தில் செய்தார். முடியாத இடத்தில் ஒருவரையும் தவறவிடாமல் எண்ண முயன்றார். எங்கள் இழப்புகளைப் பற்றிய ஆய்வு எதுவானாலும், இப்போது நான் முதலில் தேடுவது அதில் விடுபட்டவர்கள் யார் என்பதைத்தான்.