பறவையறிஞர் சாலிம் அலி

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த சாலிம் அலி, இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமாவிடம் வளர்ந்தார். சிறுவனாய் இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு திகைத்தார். மாமாவுக்கும் அதன் பெயர் தெரியவில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்டு என்பார் பெயரைக் கூறியதோடு, பதப்படுத்திய பறவைகள் பலவற்றையும் காட்டினார். கொன்ற குருவியே அவருக்கு வழிகாட்டியது நமக்கு வியப்பளிக்கிறது.

பின்னாளில் வேலையின்றிக் கீகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் வாழ்ந்தார். 1930இல், வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். நம் நாட்டிலும் உள்ள குருவிதான் அது! ஆண்குருவி பாதிக் கூடு கட்டும்; பெண்குருவி வந்து பார்த்து ஏற்றால்தான் மீதியை முடிக்கும். அவள் குடியேறியதும் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இவ்வுண்மையே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1987இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.