ஹெர்மன் கல்லன்பாக்

பொருள் ஈட்டுவார் பலர். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈவார் சிலர். இனத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் வேறாயினார்க்குத் தாம் விலைகொடுத்து வாங்கிய நிலத்தையே ஒப்புவித்தார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஹெர்மன் கல்லன்பாக் என்னும் யூதப் பெரியார்.

கோட்டக்குப்பம் முதல் மரக்காணத்து உப்பளங்கள் வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரையினர்க்கு இவருடைய வரலாறு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். 1860-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலியாட்களில் தென்னார்க்காடு, வடஆர்க்காடு முதலிய சீமைகளிலிருந்து சென்றவர் பலர். அந்நாட்டில் வாழ்ந்த தமிழர் தம் உரிமையின்பொருட்டுச் சிறை புகுந்தபோது, அவர்தம் மனைவி மக்களுக்கு நிழலளித்தது இவருடைய நிலமேயாகும். ஆதலின் இவரை அறிதல் நம் கடமையாம்.

கல்லன்பாக் 1871-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள், அக்காலத்தில் ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லித்துவேனியாவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ஜெர்மனியிற் கட்டடக்கலை பயின்று, 1896-இல் தென்னாப்பிரிக்கா சென்று, ஜோகன்னஸ்பர்க் நகரில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞராய் விளங்கினார். செல்வம் பெருகிற்று, செலவும் பெருகிற்று. வீட்டு வாடகை நீங்கலாக, தம் ஒருவர்க்கே மாதம் 1,200 ரூபாய் செலவிட்டு வந்தாராம். காந்தியடிகளின் நட்புக் கிட்டியபின் அச்செலவு படிப்படியாகக் குறைந்து 120 ரூபாயில் வந்து நின்றது. வறுமை வந்து குறைத்ததன்று. தாமே விரும்பிக் குறைத்ததாகும்.

டிரான்ஸ்வால் நாட்டில் இந்தியர்க்கு எதிரான சட்டங்களை மறுத்துச் சத்தியாக்கிரகிகள் சிறை சென்ற காலத்தில், அவர்தம் குடும்பங்களைக் காத்தல் அரியதாயிற்று. அப்போது கல்லன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், குத்தகையோ வாடகையோ பெறாது அவர்கள் பயன்கொள்ளுமாறு அளித்தார். டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயர் பெற்ற அந்நிலத்தில் ஆயிரத்துக்கு அணித்தான பழமரங்கள் நின்றன. இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் யாவரும் அங்கு ஒரே பந்தியில் உண்டனர். தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் இந்தியும் அங்கு ஒலித்தன. போப்பையர் இயற்றிய தமிழ்க் கைந்நூலளவே தமிழறிந்த காந்தியடிகள், அங்குத் தமிழ்ச் சிறார்க்குத் தமிழாசிரியராயும் இருந்தார்.

நிலத்தை ஈந்ததோடு கல்லன்பாக் அமையவில்லை. தாமும் அங்குக் குடியேறி உழைத்தார். டிராப்பிஸ்டுத் துறவிகளின் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்து, காந்தியடிகளுக்கும் பிறர்க்கும் கற்பித்தார். சிறுவரை உடன்கொண்டு குழி தோண்டி, மரம் பேணி, தோட்டவேலை நடத்தினார். குடிநீர் ஐந்நூறு கெஜத்துக்கு அப்பாலுள்ள ஊற்றிலிருந்து காவடிகளிற் சுமந்து வரப்பட்டது. கழிவுப்பொருள்கள் யாவும் குழிகளிற் புதைக்கப்பட்டு எருவாயின. நன்னீரின் அருமையை உப்புக்காற்றிடையே நாடோறும் உணரும் நம்மனோர்க்கு இவ்வொழுங்கின் பயனை விரித்துரைத்தல் வேண்டா.

யூதர்தம் வேதத்தில், மோசேயின் நியாயப்பிரமாணம், நிலம் மனிதனுக்கு அறுதியாக உரியதன்று, இறைவனுக்கே உரியது என விதிக்கின்றது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கவும், வயலின் ஓரத்து விளைவை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கவும், போர்முற்றுகையிலும் கனிமரங்களை வெட்டாதிருக்கவும் கட்டளையிடுகின்றது. எகிப்திலே தாங்கள் அந்நியராயிருந்ததை நினைந்து அந்நியனை நேசிக்க வேண்டுமென்பதும் அதன் விதியே. கல்லன்பாக்கின் பண்ணையை நோக்குவார்க்கு இவ்விதிகள் நினைவுக்கு வருதல் இயல்பாம்.

1913-இல், ஒப்பந்தம் முடிந்த கூலியாட்கள்மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமான சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நடைப்பயணம் புறப்பட்டனர். அவர்க்குத் துணைநின்ற கல்லன்பாக்கும், போலக் என்னும் மற்றொரு யூத நண்பரும் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். மறு ஆண்டே அவ்வரி ஒழிந்தது.

1914-இல் அடிகளுடன் இந்தியா வரும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அக்கப்பலில், தம்மிடமிருந்த விலையுயர்ந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பற்றி நண்பர் இருவர்க்கும் வாதம் எழ, அதன்மேற் கொண்ட பற்றை அறுக்கும்பொருட்டு அதனைக் கடலில் எறிய இசைந்தார். அந்தோ! அதற்குள் போர் மூண்டது. ஜெர்மானியக் குடியினராதலின் இந்தியா வர அனுமதி மறுக்கப்பட்டு, மான் தீவிற் காவலில் வைக்கப்பட்டார். நண்பரை அவர் மீண்டும் கண்டது 1937-இலேயாம்.

பின்னர் வந்தது இந்நட்பின் கடுஞ்சோதனை. ஜெர்மனியில் யூதர் வதைக்கப்பட்ட 1938-ஆம் ஆண்டில், அவர்கள் அஹிம்சை வழியிலேயே எதிர்த்து நிற்க வேண்டுமென்றும், பாலஸ்தீனம் அரபியர்க்கு உரியதென்றும் காந்தியடிகள் எழுதினார். யூதர்க்கு அங்கே ஒரு தாயகம் வேண்டுமென விழைந்த கல்லன்பாக்கிற்கு இது பெருந்துயர். 1939-இல் மீண்டும் வந்து அடிகளுடன் தங்கியபோதும், அஹிம்சையை அறிவால் ஏற்றாரேனும், ஹிட்லருக்காகப் பிரார்த்திக்க அவர் உள்ளம் இசையவில்லை. அதனை அவர் மறைக்கவுமில்லை. அதன்பொருட்டு நட்பைத் துறக்கவுமில்லை. அடிகளும் அதனை அவர்மேற் குற்றமாகக் கொள்ளவில்லை.

1945-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் கல்லன்பாக் ஜோகன்னஸ்பர்க்கில் உயிர்நீத்தார். அவருடைய அஸ்தி கலிலேயாக் கடலின் அருகே டெகானியா என்னும் யூதக் கூட்டுப்பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டது. லித்துவேனியாவின் ருஸ்னே ஊரில் இரு நண்பரும் சேர்ந்து நிற்கும் சிலை 2015-இல் நாட்டப்பட்டது.

மாணவ நண்பர்களே! உடைமையைக் குறைத்தலால் இவர் சிறுமையுற்றிலர். நிலத்தைப் பகிர்ந்தமையால் வறியராயினாரிலர். மாறுபட்ட கருத்தை வெளியிட்டமையால் நண்பரை இழந்தாரிலர். மண்ணும் நீரும் அருகிவரும் இந்நாளில், நமக்குள்ளதில் எவ்வளவு நமக்கு வேண்டும், எவ்வளவு பிறர்க்குரியது என நாம் ஒவ்வொருவரும் கணக்கிட்டுப் பார்ப்பதே இப்பெரியார்க்கு நாம் செய்யத்தகும் கைம்மாறாகும்.