போப்பையரும் திருவாசகமும்

மரக்கலமேறிக் கடல் கடந்து பொருளீட்டச் செல்வதை நகரத்தார் கொண்டு விற்கப் போதல் என்பர். கானாடுகாத்தானிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், மீசை அரும்பாத பருவத்தே பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற முன்னோரை நினைவிற்கொள்ளாத குடும்பம் அரிது. அங்ஙனம் சென்றோர், புக்க நாட்டில் கணக்குப் பெட்டியை வைக்க ஓரிடம் தேடியவுடன் முருகப் பெருமான் எழுந்தருளவும் ஓரிடம் தேடினர். சிங்கப்பூரில் தெண்டாயுதபாணி திருக்கோயில் 1859ஆம் ஆண்டில் எழுந்தது அவ்வாறே. அயல்நாட்டில் இளமையைக் கழித்தலின் துன்பம் இன்னதென்பதும், ஆங்கு நெஞ்சைத் தாங்கி நிற்பது தெய்வநம்பிக்கையே என்பதும் இந்நாட்டார்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவன அல்ல. ஆதலின், கடலின் மறுபுறத்திலிருந்து தமிழ்நாட்டிற்குப் பத்தொன்பதாம் வயதில் வந்த ஓர் இளைஞரின் வரலாறு, அவர் சமயம் வேறேயாயினும், குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலின் மலரில் இடம்பெறுதற்கு உரியதே. வேள்விச்சாலையில் வேதமும் திருமுறையும் ஒலிக்கும் இந்நாளில், எட்டாந் திருமுறையாகிய திருவாசகத்தை மேனாட்டார்க்கு அறிவித்த ஜி. யு. போப் என்பாரை எண்ணுதல் நன்றியறிதலின்பாற்படும்.

அவர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இன்று கனடாவைச் சேர்ந்ததாகிய பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். தந்தையார் வணிகர். குடும்பம் 1826இல் இங்கிலாந்துக்கு மீண்டு பிளிமத் துறைமுக நகரில் தங்கியது. கப்பல்கள் வருவதும் போவதுமாகிய அத்துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளை, பதினான்காம் வயதிலேயே, தான் தென்னிந்தியாவுக்குச் சென்று கிறித்துவ சமய ஊழியம் புரிவதென்று உறுதிகொண்டான். வணிகர் மகன் வாணிபத்தை நாடாமல் ஊழியத்தை நாடியது அவ்வீட்டில் ஒருவரோடு நில்லவில்லை. தம்பி வில்லியம் பர்ட் போப்பும் பின்னாளில் வெசுலியன் சபையின் பேர்பெற்ற சமய நூலாசிரியரானார்.

போப்பின் முதற்றமிழ்ப் பாடம் 1837இல் நடந்தது. அப்பொழுது அவர்க்கு வயது பதினேழு. தமிழ்நாட்டைக் கண்ணாற் கண்டிலர். காணாத நாட்டின் மொழியை, அந்நாட்டார் ஒருவரையும் அறியாத நிலையில், அரிச்சுவடி தொடங்கிப் பயின்றார் என்க. 1839இல் வெசுலியன் சங்கத்தின் சார்பில் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் அக்காலத்தில் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இல். ஆகவே ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பல திங்கள் கடலிலேயே கழியும். அந்நாட்களையும் அவர் தமிழுக்கே செலவிட்டார் என்பர்.

சென்னையில் அவர்க்கு வாய்த்த ஆசிரியர் மகாவித்துவான் இராமாநுச கவிராயர். இலக்கணக் கடலாகிய அப்பெரியார், பாதிரிமார்க்குப் பாடஞ் சொல்வதைக் குறைவாகக் கருதாதவர். துரூ என்னும் பாதிரியார் திருக்குறளில் அறுபத்துமூன்று அதிகாரங்களை ஆங்கிலத்திற் பெயர்த்து, பரிமேலழகர் உரையோடும் கவிராயர் எழுதிய விளக்கத்தோடும் வெளியிட்டதும் அக்காலத்தேதான். மாணாக்கராகிய போப் தம் முதுமையினும் அவ்வாசிரியரை மறந்திலர், நன்றியோடு குறித்துள்ளார். வேறு சமயத்தைப் பரப்ப வந்தவர்க்கு நம் மொழியை ஏன் கற்பிக்கவேண்டுமென்று கவிராயரைக் கேட்டாரும் அன்று இருந்திருப்பர். யாழ்ப்பாணத்திலோ, போப்பினும் இரண்டாண்டு இளையராகிய நல்லூர் ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உறுதுணையாயிருந்து, அதன் பின்னரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். கற்பித்தலால் கற்பித்தவர் சமயம் குன்றவில்லை என்பதற்கு நாவலர் வாழ்வினும் வேறு சான்று வேண்டா.

இரண்டொரு ஆண்டுகளில் போப் வெசுலியன் சங்கத்தை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தினராய்த் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். அவர் 1842இல் தங்கிய ஊர் சாயர்புரம். தூத்துக்குடிக்கு அணித்தாயுள்ள அவ்வூர், சாயர் என்னும் வணிகரொருவர் நிலம் வாங்கி உண்டாக்கியது. அவர் பேரே ஊர்ப்பேராயிற்று. பார்க்குமிடமெல்லாம் பனை, கால்வைத்தால் புதையும் செம்மணல், கோடையிற் கொதிக்கும் காற்று. பதநீர்க் காலத்தில் ஆடவர் விடியுமுன்னே பனையேறுவர். பெண்டிர் பகலெல்லாம் கருப்பட்டி காய்ச்சுவர். அவர்கள் பேசிய தமிழ் கவிராயரிடம் கேட்ட தமிழன்று. நன்னூலில் காணாத வழக்குக்களை அவர் அவ்வெளிய மக்கள் வாயிலாகவே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அங்கே அவர் நிறுவிய செமினரி என்னும் கல்விச்சாலையே அவருடைய இளமை முழுவதையும் கொள்ளைகொண்டது. பனையேறும் குடிப்பிள்ளைகளை ஊழியத்துக்கு ஆயத்தம் செய்தற் பொருட்டுத் தொடங்கிய அப்பள்ளியில், தமிழும் ஆங்கிலமும் மட்டுமன்றி, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், கணிதம், தத்துவம் என யாவும் கற்பிக்கப்பட்டன. எழுத்தறியாத குடும்பத்துப் பிள்ளை கிரேக்க மொழியை ஓதுவதைக் கண்டு அக்காலத்தார் வியந்தனர். காலை வழிபாடு, பாடம், மாலை வழிபாடு, சூழவுள்ள சிற்றூர்களுக்குச் சென்று போதித்தல், இரவில் விளக்கருகே தாம் தமிழ் கற்றல் எனச் சென்றன அவர் நாட்கள். ஆசிரியர் மிகக் கண்டிப்பானவர். பிரம்பு அவர் கையில் ஓய்ந்திருந்ததில்லை என்பது சாயர்புரத்தில் மட்டுமன்று, அவர் பின்னர் ஆசிரியராயிருந்த ஊர்களிலும் நிலைத்த பேச்சாயிற்று. மாணாக்கரை அடித்து வருத்துதல் போற்றத்தக்க செயலன்று. பெரியார் வரலாறு கூறுவோர் இத்தகையவற்றை விட்டுவிடுதல் வழக்கமாயினும், உள்ளதை உள்ளவாறு கூறுதலே அவர்க்குச் செய்யும் மரியாதை.

அவர் பணிபுரிந்த அவ்வாண்டுகள் அமைதியான ஆண்டுகளும் அல்ல. மதமாற்றம் பெருகக் கண்ட திருநெல்வேலிச் சைவர்கள், திருச்செந்தூரை நிலைக்களனாகக் கொண்டு விபூதி சங்கம் என்றோர் அமைப்பைக் கண்டு, சமயம் மாறியவர்க்கு மீண்டும் திருநீறளித்துத் தம் சமயத்திற் சேர்க்கும் முயற்சியை மேற்கொண்டனர். இருதிறத்தார்க்கும் பகை முற்றி 1845இல் ஊர்களில் பூசல் விளைந்து, வழக்குமன்றம் வரையிற் சென்றது. சைவத்தின் பக்கம் நின்று நோக்குமிடத்து, போப்பையர் அந்நாளில் மறுகரையில் நின்றவர். திருநீற்றை அழிக்க வந்த கூட்டத்தாருள் ஒருவராகவே திருச்செந்தூரார் அவரை எண்ணியிருப்பர், அவ்வெண்ணம் தவறுமன்று. அவர் வந்தது அதன்பொருட்டே.

அதே 1845ஆம் ஆண்டில் அவர்க்கு வேறோர் இடியும் விழுந்தது. 1841இல் மணந்த மேரி என்னும் மனைவியார் தூத்துக்குடியில் இறந்தார். கணவர்க்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. தாய்வீடும் தமரும் பல திங்கட் கடலுக்கு அப்பால். கடிதம் சென்று மறுமொழி வருவதற்குள் பல திங்கள் கழிந்துவிடும். கொண்டு விற்கச் சென்ற இடத்தில் துணையை இழந்தாரை இந்நாட்டார் அறிவர். ஊரைவிட்டுப் போய்விடாமல் அவர் செமினரியிலேயே மேலும் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பதொன்றே அவர் நம்பிக்கையின் வன்மையை உணர்த்தப் போதியது.

பின்பு மறுமணம் செய்துகொண்டு, இங்கிலாந்து சென்று மீண்டு, 1851இல் தஞ்சைக்கு வந்தார். ஆங்கு லுத்தரன் சபையாரோடு அவர்க்குப் பிணக்கு மிக்கது. இரு கிறித்துவ சபைகளும் எவர் எல்லை எதுவென்று வழக்காடின. சமயப் போர் பிறமதத்தாரோடுதான் நிகழும் என்று நினைப்பது பிழை. ஆயினும் தமிழ்க்கல்விக்குத் தஞ்சை வாழ்வு பெரிதும் உதவியது. பழந்தமிழ் இலக்கியங்களில் அவர் உள்ளம் ஆழ்ந்தது அங்கேதான். ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்கான கைந்நூல்களையும், தமிழ்ச் சிறார்க்கென வினாவிடை வடிவில் இலக்கண நூல்களையும் எழுதினார். போப்பையர் இலக்கணம் என்று திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுமளவுக்கு அவை பரவின. பாதிரிமாரை ஐயர் என்றழைக்கும் அக்கால வழக்கால் அவரும் போப்பையரானார். சில ஆண்டுகட்குப்பின் தஞ்சையை நீங்கி, 1859இல் உதகமண்டலத்தில் ஒரு பள்ளி தொடங்கி நடத்தினார். தோடர் மொழிக்கும் சுருக்கமானதோர் இலக்கணம் வகுத்தார். 1871 முதல் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் தலைமை வகித்தார். இறுதியில் நாற்பதாண்டுகட்குமேல் வாழ்ந்த நாட்டைவிட்டு இங்கிலாந்து திரும்பினார்.

அறுபது வயதைக் கடந்தவர், ஊழியம் முடிந்தது, இனி ஓய்வென்று பிறர் எண்ணுவர். அவரோ தம் பெரும்பணியை அதன்மேற்றான் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் குடியேறி, 1884 முதல் அப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்ந்த இளைஞர்க்கு, தாம் ஹாக்ஸ்டனிற் பதினேழு வயதில் கற்ற அரிச்சுவடியை இப்பொழுது தாமே எழுதிக்காட்டினார். 1886இல் திருக்குறள் முழுமையும் ஆங்கிலச் செய்யுளாய் வெளிவந்தது, 1893இல் நாலடியார். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூறு கைக்கு வந்ததும் முதியவர் அதிலும் புகுந்து பல பாட்டுக்களை மொழிபெயர்த்தார். அவற்றுட் சில, நல்லசாமிப் பிள்ளை நடத்திய சித்தாந்த தீபிகையில் வெளியாயின. ஒரு காலத்தில் விபூதி சங்கத்தார்க்கு எதிரணியில் நின்றவர், சைவ சித்தாந்த இதழுக்கு விருப்புடன் எழுதியனுப்பும் நிலை வந்தது.

திருவாசகப் பணி தொடங்கியதைப் பற்றி அவரே ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்துள்ளார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் என்னும் பேரறிஞரோடு ஓரிரவு உலாவியபோது, மாணிக்கவாசகரைப்பற்றிப் பேச்சு நிகழ்ந்தது. அதனை வெளியிடவேண்டுமென்று தலைவர் வற்புறுத்த, அஃது பல்லாண்டுப் பணி, தம் வயதில் முடிப்போமென்பதற்கு உறுதியில்லை என்றார் போப். ஜோவெட் அவர் தோளிற் கைவைத்து, பெரும்பணியொன்றைக் கைக்கொண்டிருப்பதே நெடுநாள் வாழ்வதற்கு வழியாகுமென்றும், அது முடியுந்துணையும் அவர் வாழ்வாரென்றும் கூறினார். சொன்னவர் 1893இல் மறைந்தார். கேட்டவர் இருந்து முடித்தார். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தமது எண்பதாம் பிறந்தநாளில், முன்னுரைக்குத் தேதியிட்டார். முதற்றமிழ்ப் பாடம் கற்றது 1837இல் என்று அவ்விடத்துக் குறித்தும் உள்ளார்.

ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தில் தமிழெழுத்துக் கோத்து, மூலமும் ஆங்கிலமுமாய் அச்சிட்ட பெருநூல் அது. ஐம்பத்தொரு பகுதிகளோடும், சைவ சித்தாந்தத்தை விளக்கும் குறிப்புக்களும், உமாபதி சிவாசாரியார் அருளிய திருவருட்பயனின் மொழிபெயர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளன. திருப்பெருந்துறையும் தில்லையும் கேட்டறியாத மேனாட்டார்க்கு, மாணிக்கவாசகரின் உருக்கத்தை உணர்த்தத் தம் சமயத்துப் பெரியாராகிய பவுலையும் அசிசி நகர்ப் பிரான்சிசையும் துணைக்கு அழைத்தார். உயர்ந்தது எதுவென்று அவர் நெஞ்சு கருதிற்றோ அதனோடன்றோ ஒருவன் ஒன்றை ஒப்பிடுவான்? அன்றியும், அவர் எழுதிய குறிப்புக்களில் சைவர் ஏற்கவொண்ணாத கருத்துக்களும் உண்டு. புராணங்களைப் பற்றியும் திருவுருவ வழிபாட்டைப் பற்றியும் அவர் கொண்ட கருத்துத் தம் சமய வழிப்பட்டதே. அவர் இறுதிவரை கிறித்துவரே. பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தார். சைவரானார் என்று சிலர் மேடையிற் கூறுவது வீண்புகழ்ச்சி. திருவாசகப் பாட்டை எழுதுங்கால் கண்ணீர் சொரிந்து கடிதத்தில் எழுத்தழிந்தது என்றும் ஒரு கதை வழங்கும். அது மெய்யாயின் வியப்பில்லை. பொய்யாயினும், முதுமைப் பருவத்தில் கண் மங்கிய நிலையில் ஒவ்வொரு சொல்லாய் அந்நூலைப் பெயர்த்தமைக்கு மேலான உருக்கம் அதனால் ஒன்றும் வருவதில்லை.

1906இல் அரச ஆசியக் கழகம் அவர்க்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. 1908 பிப்ரவரியில், எண்பத்தேழாம் வயதில், ஆக்ஸ்போர்டிலேயே காலஞ்சென்றார். தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்குமாறு அவர் விரும்பினார் என்ற செய்தி தமிழ்நாடெங்கும் பரவியுள்ளது. செயின்ட் செபல்கர் இடுகாட்டிலுள்ள அக்கல்லில் அச்சொல் இல்லை. தென்னிந்தியப் போப் என்று அவரைக் குறித்து, கீழ்நாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழ் நண்பர்களும் அதனை நிறுவினர் என்றே அதில் வெட்டியுள்ளது. அந்நண்பருள் திருநீறணிந்தார் எத்துணையர் என்பதைக் கல் கூறவில்லை.