வாரம் ஒரு மாத்திரையும் சென்னையில் படித்த ஒரு விஞ்ஞானியும்

முடக்குவாத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய இந்த மாத்திரையைத் தினமும் உட்கொண்டதால் உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. இதன் பக்கவிளைவுகளைக் குறைப்பதற்காகக் கூடவே கொடுக்கப்படுவது ஃபோலிக் அமிலம். இவ்விரு மருந்துகளின் வரலாறும் அமெரிக்காவில் உள்ள ஒரே ஆய்வுக்கூடத்தில் சந்திக்கின்றன. 1940களில் அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். வருவாய்த்துறையில் பணிபுரிந்த தந்தை நோயுற்றதால் குடும்பம் வறுமையில் விழுந்தது. சிறுவன் பள்ளிப் படிப்பில் கெட்டிக்காரனாக அறியப்படவில்லை. பதின்மூன்று வயதில், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று காசிக்குப் புறப்பட்டவனைத் தாய் வெங்கம்மா மீட்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித்தான் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும், அதன் பிறகு மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

அந்த ஆண்டுகளில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோயே அதற்குக் காரணம். உணவிலுள்ள சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள முடியாமல், இரத்தம் குன்றி, நோயாளி மெலிந்து போகும் நோய் அது. அதற்கு ஃபோலிக் அமிலம் பலன் தரும் என்பது அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

மருத்துவக் கல்லூரியில் அரசியல் குறுக்கிட்டது. காந்தியின் அறைகூவலை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடை அணிந்தார் சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கிட்டவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவந்த அவர், மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடும் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார்.

இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். அவர் சென்ற பின் பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே இறந்தது. விரைவில் திரும்பி வருவதாகக் கூறிப் போனவர் தாயகம் திரும்பவே இல்லை. வேலை தேடிக் கடல் கடந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த பணி உயிர்வேதியியலின் அடிப்படைகளைத் தொட்டது. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளவிட இருவரும் 1925இல் வெளியிட்ட முறை, பல தலைமுறை மாணவர்கள் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று படித்தது. அதைக் கொண்டே தசைகளில் பாஸ்போகிரியேட்டின் எனும் பொருளையும், 1929இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார்கள். ஏ.டி.பி.யை அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்திருந்தார். நோபல் பரிசு சுப்பாராவிடமிருந்து பறிக்கப்பட்டது என்று இந்தியாவில் அடிக்கடி எழுதப்படுவதை இந்தப் பின்னணியில் சற்று நிதானத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவருக்கு அநீதி நடக்கவில்லை என்று சொல்வதற்கும் இல்லை. ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகள் ஃபிஸ்கின் பொறாமையால் வெளிச்சத்துக்கு வராமல் போய், பல ஆண்டுகளுக்குப் பின் வேறு சிலரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்று, 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார் சுப்பாராவ். எஞ்சியிருந்த எட்டு ஆண்டுகள்தான் அவர் வாழ்வின் பலன் மிகுந்த காலம். பம்பாயில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்டிலும் ஈரலிலும் ஏதோ ஒரு சத்து அந்த நோயைக் குணப்படுத்துவதை முன்பே கண்டிருந்தார். அந்தச் சத்தின் வேதியியல் அமைப்பைக் கண்டு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டதாக லெடர்லி குழு 1945இல் அறிவித்தது. ஆய்வறிக்கையில் சுப்பாராவின் பெயர் பலரது பெயர்களுக்கு நடுவே இருந்தது. குழுவை முன்னிறுத்துவது அவர் வழக்கம். பிற்காலத்தில் அவர் மறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அப்படியானால் அதைப் போன்றே தோற்றமளிக்கும் போலி மூலக்கூறு ஒன்றைக் கொடுத்தால், கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுக்கள் பட்டினி கிடக்காவா? பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் எழுப்பிய இந்தக் கேள்விக்கு, லெடர்லி ஆய்வுக்கூடம் தயாரித்துக் கொடுத்த அமினோப்டெரின் விடையளித்தது. இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 16 குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக 1948 ஜூன் மாதம் ஃபார்பர் அறிவித்தார். அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு மருத்துவத்தால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது.

யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் 1947இல் வெளிவந்ததும் அதே ஆய்வுக்கூடத்திலிருந்துதான். அந்நோயை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றளித்ததில் இந்த மருந்துக்குப் பங்குண்டு. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் அறிவிக்கப்பட்டது. அதை மண்ணிலிருந்து கண்டெடுத்த பெருமை, ஓய்வு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கருக்கு உரியது. ஆய்வை நடத்திச் சென்றவர் சுப்பாராவ்.

ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதங்கள் கழித்து, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். வயது 53. இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது நூற்றாண்டு விழாவின்போது, 1995இல்.

போலி மூலக்கூறு புற்றணுவுக்கும் நல்ல அணுவுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அதனால்தான் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, வாய் புண்ணாகி, கிருமித்தொற்றை எதிர்க்க இயலாமல் உடல் தளர்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் இதுபற்றிப் பலமுறை எச்சரித்துள்ளன. 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கக்கூடும் என்பதும் தவறுக்கு ஒரு காரணம்.

குவைத்தின் அப்பாசியா போன்ற பகுதிகளில் வாழும் இந்தியத் தொழிலாளர்களைப் போல, விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பல மாதங்களுக்கான மருந்தை வாங்கி வருபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எழுதித் தந்த மருத்துவர் ஒரு நாட்டில், மாத்திரை தீர்ந்தபின் வேறு பெயரில் அதையே விற்கும் மருந்தகம் இன்னொரு நாட்டில் என்றாகிவிடுகிறது. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலும் பெட்டியிலும் முழுப் பெயராக எழுதச் சொல்வதும், ஃபோலிக் அமிலத்துக்கு வேறு கிழமை குறித்து வாங்கிக்கொள்வதும், இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருப்பதும் மருந்தியல் வல்லுநர்கள் வழக்கமாகக் கூறும் ஆலோசனைகள்.