ஐஸைக் காவல் காத்த ஜோசப் பிளாக்



எங்க அப்பா சைக்கிள்ல மீன் விற்பவர். விடிகாலையில் பெட்டியில் ஐஸ் போட்டுக்கிட்டு கிளம்புவார். பெட்டியில் ஐஸ் மிஞ்சி இருக்கும்வரை மீனுக்குப் பயமில்லை. உருகிட்டா அன்னைக்கு நட்டம்தான். இதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர்தான் ஜோசப் பிளாக்.

இவர் 1728-ல் பிரான்சின் போர்டோ நகரில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. சின்ன வயசிலேயே பெல்பாஸ்ட் நகருக்குப் படிக்க அனுப்பிட்டாங்க. பிறகு ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

உருகும் நிலைக்கு வந்த பனிக்கட்டி, இன்னும் கொஞ்சம் சூடு பட்டாலே முழுசும் தண்ணியாகிடும்னு அப்போ நினைச்சாங்க. அப்படின்னா மலைப்பனி எல்லாம் ஒரே நேரத்தில் உருகி ஊரே வெள்ளத்தில் போயிருக்குமே என்று பிளாக் யோசித்தார்.

1761 வாக்கில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் எடுத்தார். ஒன்றில் ஐஸ், இன்னொன்றில் அதே எடைக்கு ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணியில் 4 டிகிரி செல்சியசைத் தாண்டியது. ஐஸ் உருகி அதே அளவுக்கு வர பத்தரை மணி நேரம் ஆச்சு! எனக்கு இட்லி வேகவே பொறுமை இருக்காது.

அவ்வளவு நேரம் உள்ளே போன சூடு எங்கே? ஐஸை உருக்குவதற்கே செலவாகி மறைந்துவிட்டது. அதுதான் நம்ம பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம். 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேணும். அந்த 80 கலோரி, 1 கிராம் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்கு ஏத்திடும்!

இன்று சில பெரிய கட்டடங்களில் ராத்திரியே ஐஸ் செய்து தொட்டியில் சேர்த்து வைத்து, பகலில் அது உருகும் குளிர்ச்சியில் ஏசி ஓட்டுறாங்க. சில இடங்களில் பொடி ஐஸும் தண்ணியும் கலந்து, நம்ம கம்பங்கூழ் மாதிரி குழாயில் ஓடவிடுவாங்களாம். ஐஸ் கட்டியைக் குழாயில் தள்ள முடியாது, கூழ்னா ஓடுமே. 1 டன் ஏசி என்றால்கூட, ஒரு நாளில் 907 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூட்டை வெளியேத்துவது என்றுதான் கணக்கு. நான் ஏசியோட எடைன்னு நினைச்சிருந்தேன்!

பிளாக் இதையெல்லாம் வகுப்பில் சொன்னாரே தவிர புத்தகமாகப் போடவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம்தான். 1803-ல் நண்பர் ஜான் ராபிசன்தான் பாடக் குறிப்புகளை அச்சிட்டார். அதைப் பார்க்க பிளாக் இல்லை. 1799-லேயே எடின்பரோவில், நாற்காலியில் உட்கார்ந்தபடி அமைதியாக இறந்துபோனார். மடியில் இருந்த பால் கிண்ணம்கூட சிந்தவில்லையாம்.

- 9ஆம் வகுப்பு மாணவி